மாட்டுக் கடனும் மகள் கல்யாணமும்



2023-ஆம் வருடம் கார்த்திகை மாதம். கடன் வாங்கி என்னென்ன சொத்து வாங்கியிருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை எனக்கு. ஒரு குழுவின் தீர்மான நோட்டில் "கறவை மாடு வாங்க ரூ.50,000" என்று தெளிவாக எழுதி, பன்னிரண்டு பேர் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். அந்த அக்கா வீட்டுக்குப் போய், "மாட்டைக் காட்டுங்கக்கா" என்றேன். கொட்டத்தில் விறகுதான் அடுக்கியிருந்தது.

"அது திருப்பூருக்கு வாக்கப்பட்டுப் போயிருச்சு மேடம்" என்றார் அக்கா.

கூட வந்த ஊக்குநர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அக்கா சிரிக்கவில்லை. அந்த வருடம் வைகாசியில் மூத்த மகளுக்குக் கல்யாணம். நாலு தவணை ஒழுங்காகக் கட்டினார். ஆவணி பிறந்ததும் நின்றுபோனது. நான் போன அன்று மூன்று தவணை பாக்கி. குழுவில் யாரும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பேரும் ஊரும் மட்டும் வேண்டாம் என்றார்.

நம் குழுக்களில் எத்தனை "மாட்டுக் கடன்" இப்படித் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வாக்கப்பட்டுப் போயிருக்கிறது என்று நமக்கெல்லாம் தெரியும். எனக்கும் தெரியும். கல்யாணம் என்று எழுதினால் கடன் கிடைக்காது என்ற பயத்தில் மாடு, கடை, தையல் மெஷின் என்று எழுதுகிறோம். இப்படிப் பொய்க் காரணம் எழுதுவதில் பெரிய நஷ்டம் என்னவென்றால், கல்யாணக் கணக்கை நாம் உட்கார்ந்து போடுவதே இல்லை. மாட்டுக்கு எத்தனை லிட்டர் பால், தீவனம் எவ்வளவு என்று கேட்கிற நாம், கல்யாணத்துக்கு எதுவும் கேட்பதில்லை.

அன்று சாயங்காலம் அக்காவும் நானும் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டோம். செலவு இது: புதிதாக வாங்கிய நகை 5 பவுன், செய்கூலி சேதாரத்தோடு 2,50,000. மாப்பிள்ளைக்கு வண்டி வாங்க ரொக்கம் 1,00,000. கட்டில், பீரோ, பாத்திரம் என்று சீர் சாமான் 80,000. மண்டபம், ரேடியோ செட், போட்டோ 75,000. சாப்பாடு 500 இலைக்கு 70,000. துணிமணி 45,000. கூட்டினால் 6,20,000. ஏற்கனவே வீட்டில் இருந்த 3 பவுன் இதில் சேரவில்லை.

வரவு: கையிருப்பு 80,000. குழுக் கடன் 50,000. முக்கால் ஏக்கர் நிலத்தை ஒத்தி வைத்தது 1,30,000. மூன்று வட்டிக்கு வெளியில் வாங்கியது 1,50,000. மிச்சம் 2,10,000 மொய்.

"மொய் விழுந்ததாலதான் மேடம் மானம் தப்பிச்சுச்சு" என்றார் அக்கா. நான் மொய் நோட்டைக் கேட்டேன். உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். பழைய நோட்டையும் புதிய நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பேராகச் சரிபார்த்தோம். ராத்திரி எட்டரை ஆகிவிட்டது, கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டேன். 2,10,000-இல் 1,25,000 இவர்கள் முன்னால் செய்தது திரும்பி வந்தது. மீதி 85,000 புது மொய், அதாவது இனி இவர்கள் திருப்பிச் செய்ய வேண்டியது.

அந்த ஆவணியில் அக்கா வீட்டுக்கு 14 பத்திரிகை வந்திருக்கிறது. 11 விசேஷத்துக்குப் போய் 17,500 ரூபாய் மொய் எழுதியிருக்கிறார்கள். அதே மாதத்தில் வட்டிக்காரருக்கு 4,500, குழுத் தவணை 2,500 சொச்சம். எதை நிறுத்துவது? மொய்யை நிறுத்தினால் ஊர் பேசும். வட்டியை நிறுத்தினால் வீட்டு வாசலில் வந்து நிற்பான். குழுவை நிறுத்தினால் நாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதோடு சரி. அக்கா குழுவை நிறுத்திவிட்டார்.

மொய் என்கிற சங்கம்

மொய்யைக் குறை சொல்ல நான் வரவில்லை. நம் மதுரை, தேனிப் பக்கம் செய்முறை என்கிறோம். வங்கி வாசலை ஏழை மிதிக்க முடியாத காலத்தில், ஒரு குடும்பத்துக்கு மொத்தமாகப் பணம் தேவைப்படும் நாளில் ஊரே கூடிக் கொடுத்த கடன் அது. அடமானம் கிடையாது, வட்டி கிடையாது, மனுப் போட வேண்டாம். நம் மகளிர் குழுக்களுக்கு ரொம்பக் காலம் முன்பே நம் ஊர்களில் இருந்த சங்கம் என்று சொன்னாலும் தப்பில்லை.

தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணி, புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே கல்யாணம் காதுகுத்து எதுவும் வேண்டாம். ஆடி மாதம் பிறந்தால் மொய் விருந்து என்றே பத்திரிகை அடிப்பார்கள். பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். அந்தப் பணத்தில் போர் போட்டவர்கள், கடை வைத்தவர்கள், பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. வாங்கியதைத் திருப்பும்போது மேலே கொஞ்சம் புதிதாகச் சேர்த்து எழுதுவார்கள். அந்தச் சேர்ப்பில்தான் சங்கிலி அறுபடாமல் ஓடுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோதும், 2020-இல் கொரோனா வந்தபோதும் அந்தச் சங்கிலி நன்றாக ஆட்டம் கண்டது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கஷ்டம் வந்தால் மொய்யால் தாங்க முடியாது.

மொய்யில் இருக்கும் சிக்கல் வட்டி அல்ல, தவணை. நம் குழுக் கடனில் எந்த மாதம் எவ்வளவு என்று வாங்கும் அன்றே தெரியும். மொய்யில் எப்போது திருப்ப வேண்டும் என்பதைக் கொடுத்தவர் வீட்டு விசேஷம்தான் முடிவு செய்யும். ஆவணியிலும் தையிலும் வைகாசியிலும் மொத்தமாக வந்து விழும். நம் கையில் காசு இருக்கிற மாதமா என்று அது பார்க்காது.

இன்னொன்று, பணத்தின் மதிப்பு. 2005-இல் ஒரு பவுன் ஐயாயிரம் சொச்சம். அன்று நீங்கள் 501 எழுதினால் அது பவுனில் பத்தில் ஒரு பங்கு. 2025 அக்டோபரில் பவுன் 90 ஆயிரத்தைத் தாண்டியது. அன்று எழுதிய 501-ஐ மரியாதையாக இரட்டிப்பாக்கி 1,001 என்று திருப்பி எழுதியிருந்தால், அது பவுனில் தொண்ணூறில் ஒரு பங்கு. முதலில் வாங்கியவருக்கு லாபம், கடைசியில் வாங்குபவருக்கு நஷ்டம். நம் பக்கம் மூத்த பிள்ளைக்கு எட்டு வயதானதும் அவசரம் அவசரமாகக் காதணி விழா வைக்கிறார்களே, அதில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

நஷ்டம் யாருக்கு என்று பார்த்தால் மனசு கனக்கும். பிள்ளை இல்லாத ஒரு அக்கா எங்கள் கூட்டமைப்பில் இருக்கிறார். இருபது வருடத்துக்கு மேல் ஊருக்கெல்லாம் மொய் எழுதியிருக்கிறார். வாங்குவதற்கு அவர் வீட்டில் விசேஷமே இல்லை. கடைசியில் தகர ஷீட்டை மாற்றி ஓடு போட்டதைச் சாக்காக வைத்து, புதுமனை புகுவிழா என்று பத்திரிகை அடித்தார். சிலர் கேலி பேசினார்கள். நான் போய் மொய் எழுதிவிட்டு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டும் வந்தேன்.

அப்புறம் கணவனை இழந்த நம் உறுப்பினர்கள். மொய் நோட்டில் பேர் ஆம்பளை பேரில்தான் இருக்கும், இன்னார் மகன் இன்னார் என்று. அவர் போன பிறகு அவர் வாங்கிய மொய்யைத் திருப்பும் பொறுப்பு பொண்டாட்டி தலையில் விழுகிறது. மணமேடைப் பக்கம் அவளை வரவிட மாட்டார்கள், தாலியைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ண விட மாட்டார்கள். மொய் எழுதும் மேசையில் மட்டும் அவள் கொடுக்கும் நோட்டை எண்ணி வாங்கிக்கொள்கிறார்கள். இதை நான் எத்தனையோ கல்யாணத்தில் பார்த்துவிட்டேன், இன்னும் பழகவில்லை.

பரிசம் எங்கே போனது?

திண்ணையில் கணக்குப் போட்டபோது அக்காவின் மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். எண்பது வயது இருக்கும். ஒரு லட்சம் ரொக்கம் என்று நான் எழுதியதும், "எங்க காலத்துல மாப்பிள்ள வீட்டுக்காரன்தான் பரிசப் பணம் கொண்டாந்து வச்சுப் பொண்ணு கேப்பான். எனக்கே பரிசம் குடுத்துத்தான் கட்டுனாக. இப்ப என்னடான்னா பொண்ணையும் குடுத்துப் பணத்தையும் குடுக்குறீக" என்றார்.

பாட்டி சொன்னது கதையல்ல. தமிழ்நாட்டில் உழைக்கிற சாதிகள் பலவற்றில் பரிசம்தான் வழக்கம். நிச்சயதார்த்தத்துக்கு இன்றைக்கும் "பரிசம் போடுறது" என்று பேர் இருக்கிறது, பணம் மட்டும் திசை மாறிவிட்டது. ஏன் மாறியது? நான் சமூகப்பணி படித்தபோது இதைப் பற்றி வாசித்ததையும், களத்தில் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எஸ்தர் போசெரப் என்ற டென்மார்க் பொருளாதார அறிஞர் 1970-இல் ஒரு நூல் எழுதினார். வயல் வேலையில் பெண் உழைப்பு அதிகமாக உள்ள சமூகங்களில் மாப்பிள்ளை வீடு பணம் கொடுக்கிறது, பெண் வேலை வீட்டுக்குள் சுருங்கிய இடங்களில் பெண் வீடு பணம் கொடுக்கிறது என்று பல நாடுகளைப் பார்த்துச் சொன்னார். பரிசம் என்பது ஒரு விதத்தில் அந்த உழைப்பை ஒத்துக்கொள்வது. நாற்று நட, களை எடுக்க, கதிர் அறுக்க இருந்த ஒரு ஆள் எங்கள் வீட்டை விட்டுப் போகிறாள், அதற்கு ஈடு கொடுங்கள் என்று பொருள். அதற்காகப் பரிசத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. அந்தப் பணமும் பெண் கைக்கு வரவில்லை, அப்பன் கைக்குத்தான் போனது.

அன்று சம்பந்தம் பெரும்பாலும் அத்தை மகன், மாமன் மகன், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள்ளேயே நடந்தது. இன்று கொடுப்பது அடுத்த தலைமுறையில் திரும்பி வரும். பேரம் பேச ரொம்ப இடமில்லை. அப்புறம் ஆண்கள் மாதச் சம்பளத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். மில், பட்டாளம், போக்குவரத்துக் கழகம், வாத்தியார் வேலை. அந்தச் சம்பளக்கார மாப்பிள்ளைக்குச் சொந்தத்தில் மட்டுமல்ல, அசலிலும் பெண் கொடுக்கப் போட்டி வந்தது. திருச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்த கரின் கபாடியா, 1995-இல் வந்த "சிவா அண்ட் ஹெர் சிஸ்டர்ஸ்" என்ற நூலில், பரிசம் கொடுத்த சாதிகளே எப்படி வரதட்சணைக்கு மாறின என்பதை விவரமாக எழுதியிருக்கிறார். ஆண் கையில் மாதச் சம்பளம், பெண்ணுக்கு அதே பழைய கூலி. தராசு சாய்ந்துவிட்டது.

ஜனத்தொகையும் சேர்ந்துகொண்டது. நம் வழக்கத்தில் மாப்பிள்ளை நாலைந்து வயது மூத்தவர். வருடா வருடம் பிறப்பு கூடிக்கொண்டே போன காலத்தில், 20 வயதுப் பெண்கள் 25 வயது ஆண்களைவிட எண்ணிக்கையில் அதிகம். சந்தையில் மாப்பிள்ளைக்குத் தட்டுப்பாடு. அதனால்தான் மாப்பிள்ளை விலை ஏறியது என்று விஜயேந்திர ராவ் என்ற பொருளாதார அறிஞர் 1993-இல் எழுதினார். எல்லோரும் ஒத்துக்கொண்ட கருத்து அல்ல, ஆனால் யோசிக்க வைக்கிறது. இந்த வாதப்படி பார்த்தால் இப்போது விலை இறங்க வேண்டும். தமிழ்நாட்டில் பிறப்பு எவ்வளவோ குறைந்துவிட்டது, கொங்குப் பக்கம் பெண் கிடைக்காமல் கேரளாவுக்குப் போய்ப் பெண் எடுத்தவர்கள் உண்டு. ஆனால் மாப்பிள்ளைக்குப் பெண் கிடைப்பது கஷ்டமானபோதும் "நீங்க உங்க பொண்ணுக்குப் போடுறதப் போடுங்க" என்ற பேச்சு மட்டும் குறையவில்லை. ஒரு தடவை கௌரவமாகிவிட்ட செலவு, காரணம் போன பிறகும் போக மாட்டேன் என்கிறது.

இந்த விலை ஏற்றத்துக்குப் பெண் சிசுக்களும் பலியானார்கள் என்பதை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1986-இல் உசிலம்பட்டிப் பக்கத்துச் செய்தி நாடு முழுவதும் பத்திரிகையில் வந்தது. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதும் இந்தக் கொடுமையால்தான்.

பவுன் கணக்கு

ஏன் எப்போதும் பவுனாகப் பேசுகிறோம், ரூபாயாகப் பேசுவதில்லை? "பத்துப் பவுன் போடுறோம்" என்று சொல்வது சுலபம். 2005-இல் அது அரை லட்சம் சொச்சம். 2025 அக்டோபரில் ஒன்பது லட்சத்துக்கு மேல். வாய் சொல்லும் எண் அதே பத்துதான். கேட்கிறவருக்கு விலைவாசி ஏற்றத்திலிருந்து முழுப் பாதுகாப்பு, கொடுக்கிறவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

இதையே கூலியில் பார்ப்போம். நூறு நாள் வேலை தொடங்கிய 2006-இல் தமிழ்நாட்டில் கூலி 80 ரூபாய். அன்று ஒரு பவுன் வாங்க சுமார் 80 நாள் வேலை பார்க்க வேண்டும். 2025-இல் அறிவித்த கூலி 336 ரூபாய். 90 ஆயிரம் ரூபாய்ப் பவுனுக்கு 268 நாள். அதாவது ஒரு நாள்கூட விடாமல், ஒரு வாய் சோறுகூட வாங்காமல், வருடத்துக்கு நூறு நாள் கணக்கில் இரண்டரை வருடத்துக்கு மேல் உழைத்தால் ஒரு பவுன். கூட்டத்தில் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒருத்தர், "அப்ப நாங்க போட்ட நாலு பவுனுக்கு எத்தன வருசம் மேடம்?" என்று கேட்டார். அவரே விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நகை எங்கயும் போகாது, பொண்ணுகிட்டதான இருக்கும்" என்பது நம் ஆறுதல். திண்ணை அக்காவிடம் நான் கேட்ட கடைசிக் கேள்வி அதுதான். மகள் நகை எங்கே இருக்கிறது? அடகில் இருந்தது. மாப்பிள்ளையின் தம்பி கடை வைக்கக் கல்யாணமான மூன்றாம் மாதமே வாங்கி வைத்துவிட்டார்கள். அடகுச் சீட்டு யார் பேரில்? மாமனார் பேரில். "கேட்டா சண்ட வரும்னு மக சொல்லுது மேடம்." 8 பவுனில் தாலிக்கொடியும் தோடும் மட்டும்தான் அந்தப் பெண் உடம்பில் இருந்தது. அந்த நகைக்காக வாங்கிய கடனுக்கு அம்மா இங்கே மாதம் 4,500 வட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். கல்யாணத்தின்போதும் அதற்கு முன்னும் பின்னும் பெண்ணுக்குக் கொடுத்த நகை, பொருள், பணம் சீதனம். அது அந்தப் பெண்ணின் முழுச் சொத்து. வீட்டில் வேறு யாராவது வைத்திருந்தால் அவளுக்காகப் பாதுகாத்து வைத்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். 1985-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2024 ஏப்ரலில் கேரளப் பெண் ஒருவரின் வழக்கிலும் இதையே சொன்னது. கல்யாணத்தன்று ராத்திரியே 89 பவுனைப் பத்திரமாக வைக்கிறேன் என்று கணவன் வாங்கித் தன் அம்மாவிடம் கொடுத்து, பிறகு அந்த நகை அவர்கள் கடனுக்குப் போய்விட்டது என்பது அந்தப் பெண்ணின் புகார். கணவன் 25 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. கஷ்டத்துக்கு மனைவி நகையைக் கணவன் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பித் தர வேண்டிய கடமை அவனுக்கு உண்டு.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-ஆம் வருடத்தது. வாங்கினாலும் கொடுத்தாலும் குற்றம், குறைந்தது ஐந்து வருடச் சிறை. கொடுத்தவர்களும் மாட்டுவோம் என்று பயந்துதான் பல பெற்றோர் வாயைத் திறப்பதில்லை. பாதிக்கப்பட்டவர் சொல்லும் வாக்குமூலத்தை வைத்து அவர் மேலேயே வழக்குப் போட முடியாது என்று அதே சட்டம் சொல்கிறது, இது நிறையப் பேருக்குத் தெரியாது. வரதட்சணையை வேறு யார் வாங்கியிருந்தாலும் மூன்று மாதத்துக்குள் அந்தப் பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

இதில் நமக்கு ரொம்பப் பயன்படுவது 1985-ஆம் வருட விதி. யாரும் கேட்காமல் வழக்கப்படி கொடுக்கும் பரிசுப் பொருளுக்குப் பட்டியல் எழுத வேண்டும். என்ன பொருள், தோராய மதிப்பு, கொடுத்தவர் பேர், அவர் என்ன உறவு, இவ்வளவுதான். பெண்ணும் மாப்பிள்ளையும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பெண்ணுக்கு வந்ததன் பட்டியல் பெண்ணிடம் இருக்க வேண்டும். நாம் மொய்க்கு 51 ரூபாயைக்கூட விடாமல் எழுதுகிறோம், சில ஊரில் கம்ப்யூட்டரில் ரசீதே அடித்துக் கொடுக்கிறார்கள். மூன்று லட்ச ரூபாய் நகையை ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதுவதில்லை. நகைக் கடை பில்லும் பெரும்பாலும் அப்பா பேரில் இருக்கும். பில்லைப் பெண் பேரில் போடச் சொல்லுங்கள், கடைக்காரர் மாட்டேன் என்று சொல்லப் போவதில்லை. பிரச்சினை என்றால் மாவட்ட சமூக நல அலுவலர்தான் வரதட்சணைத் தடுப்பு அலுவலரும். போன் செய்ய 181.

சீர் செய்தாச்சு, பங்கு எதற்கு?

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். எனக்கு 2014-இல் கல்யாணம். எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, வரதட்சணை ஒழிப்பைப் பற்றி மேடையில் பேசிக்கொண்டிருந்த நேரம். எங்கள் அப்பா 15 பவுன் போட்டார். வேண்டாம் என்று ஒரு நாள் அழுதேன், மறுநாள் நெக்லஸ் மாடல் பார்க்க நானே கடைக்குப் போனேன். அப்பா இறந்த பிறகு, 2019-இல், வீடும் ஒன்றரை ஏக்கரும் அண்ணனுக்கு என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். "ஒனக்குத்தான் சீர் செஞ்சாச்சே" என்றார்கள். அண்ணன் நல்லவர், இன்றைக்கும் பொங்கலுக்குச் சீர் கொண்டுவருகிறார். ஆனால் 15 பவுனையும் அந்த நிலத்தையும் பக்கத்தில் வைத்து நான் கணக்குப் போட்டது, கையெழுத்துப் போட்டு வந்ததற்கு அப்புறம்தான். பதிவு செய்த பத்திரத்தைத் திருப்புவது லேசான காரியமில்லை.

தாய்மாமன் சீர், தலைத் தீபாவளி, பொங்கல் சீர், சடங்குச் சீர் எல்லாம் பாசம்தான், மறுக்கவில்லை. கூடவே அது சகோதரி விட்டுக்கொடுத்த பங்குக்குத் தவணை முறையில் வரும் ஈடு என்பதும் என் எண்ணம். பங்கு கேட்டால் சீர் நின்றுவிடும் என்று பயந்து நாம் கேட்பதில்லை. இந்து குடும்பங்களில் 1989-இல் தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்து, அந்த வருடம் மார்ச் 25-க்கு முன் கல்யாணமாகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய சட்டம் கல்யாணமான பெண்களையும் சேர்த்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தை அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், அது வேறு. கிறிஸ்தவ, முஸ்லிம் சகோதரிகளுக்குச் சட்டம் வேறு, அதைத் தனியாக எழுத வேண்டும். சீர் வாங்கியதால் பங்கு போய்விடும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அரசாங்கத்தின் கணக்கும் மாறியிருக்கிறது. 1989-இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தில் முதலில் 5,000 ரூபாய் கொடுத்தார்கள். 2011-இல் தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்ந்தது, 2016-இல் அது 8 கிராம் ஆனது. 2022-இல் அந்தத் திட்டத்தையே மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்று புதுமைப் பெண் திட்டம் ஆக்கினார்கள். தாலிக்குத் தங்கம் போய்விட்டதே என்று நம் கூட்டங்களில் வருத்தப்பட்டவர்கள் நிறைய. திண்ணை அக்காவும் வருத்தப்பட்டார். ஆனால் அவருடைய இரண்டாவது மகள் அந்த ஆயிரம் ரூபாயை வாங்கித்தான் பி.காம். முடித்தாள்.

அவளுக்கு 2025 ஆவணியில் கல்யாணம். இந்தத் தடவை குழுவில் "கல்யாணக் கடன்" என்றே தீர்மானம் எழுதினார்கள், 30,000 ரூபாய். கொடுப்பதற்கு முன்னால் பழைய பாக்கி, மொய் நோட்டு, வரப்போகும் ஆவணி, தை மாதச் செய்முறை எல்லாவற்றையும் வைத்துக் குழுவே ஒரு மணி நேரம் கணக்குப் பார்த்தது. நகை 4 பவுன், பில் பெண் பேரில். ரொக்கம் இல்லை. கோயிலில் தாலி கட்டி, சாப்பாட்டுச் செலவை இரண்டு வீடும் பாதிப் பாதி. வட்டிக்கு வாங்கவில்லை. எல்லாம் சுமுகம் என்று சொல்ல மாட்டேன். அக்காவின் கொழுந்தன், "மூத்தவளுக்கு எட்டு, இளையவளுக்கு நாலா?" என்று பந்தியிலேயே சத்தம் போட்டார். பட்டியல் நோட்டை நீட்டியதும் மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "எங்க மேல நம்பிக்க இல்லையா?" என்றார். குழுவின் பொருளாளர், "மொய்யையும் எழுதத்தானங்கய்யா செய்றோம்" என்றார். கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. அப்புறம் மாப்பிள்ளைப் பையன் பொருளாளரிடமே பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

மூத்த மகளின் நகையில் 3 பவுன் திரும்பி வந்திருக்கிறது. மீதிக்கு அடகுச் சீட்டைத் தன் பேருக்கு மாற்றித் தரும்படி அவள் இப்போது கேட்க ஆரம்பித்திருக்கிறாள். அக்காவின் மாட்டுக் கடனில் இன்னும் ஏழு தவணை பாக்கி.